மழை நாளில் படுத்துவிடும் மேப் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் வாரத்திலேயே செய்து பார்க்கும் காரியங்களில் ஒன்று, மேப் தளத்தைத் திறந்து சொந்த ஊரைத் தேடுவது. மவுஸைப் பிடித்து இழுத்தால் ஊர் நகர்கிறது. சக்கரத்தை உருட்டினால் தெரு பெரிதாகிறது. நம் வீட்டு மொட்டை மாடியைக் கண்டுபிடித்துவிட்டால் வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவோம்.

ஆனால் இதே மேப் வேறொரு முகத்தையும் காட்டும். பலத்த மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம் என டி.வி.யில் ஓர் இணையதள முகவரியைச் சொல்கிறார்கள். ஓடிப்போய்த் திறந்தால், திரையில் சாம்பல் நிறச் சதுரங்கள்தான் தெரிகின்றன. இன்னொரு முறை முயன்றால் 'சர்வர் பிஸி' என்று ஒரு செய்தி வருகிறது. நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது என்று நினைப்பீர்கள். உங்கள் கம்ப்யூட்டரிலோ இணைப்பிலோதான் கோளாறு என்று எண்ணி மோடத்தை அணைத்துப் போடுவீர்கள்.

பெரும்பாலும் கோளாறு உங்களிடம் இல்லை. நான் பொறியியல் படித்துவிட்டு சாஃப்ட்வேர் துறையில் இருப்பவன். சில ஆண்டுகளாக என் வேலை மேப் சர்வர்களோடுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பொதுமக்களுக்கான ஒரு மேப் தளத்தின் உண்மையான தரம், கூட்டம் இல்லாத நாளில் அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதில் தெரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் நாளில் அது தாங்குகிறதா என்பதில்தான் தெரியும். அந்த ஒரு நாளைத் தாங்காத மேப்புக்குச் செலவழித்த பணம் வீண் என்பது என் கருத்து.

இது எங்கோ ஓரிரு இடங்களில் நடப்பது என்று எண்ண வேண்டாம். பிரான்ஸ் நாட்டின் தேசிய நிலவரைபட நிறுவனமான ஐ.ஜி.என்., 'ஜியோபோர்ட்டாய்' என்ற தளத்தை 2006 ஜூன் 23 அன்று தொடங்கியது. அன்றைய ஜனாதிபதி ஜாக் சிராக்கே அதைத் தொடங்கி வைத்தார். நாடு முழுவதன் வான்வழிப் படங்களும் அதில் இருந்தன. ஆசையோடு வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் தளம் திணறியது. பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. 2011 பிப்ரவரி 1 அன்று இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் தெரு வாரியாகக் குற்றங்களைக் காட்டும் போலீஸ் மேப் வெளியானது. அங்கும் முதல் நாளே அதே கதைதான். வசதியும் தொழில்நுட்பமும் உள்ள நாடுகளிலேயே இப்படி என்றால், இதில் ஏதோ அடிப்படையான சிக்கல் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒருவர் பார்த்தாலே இருபது கோரிக்கைகள்

சாதாரண இணையப் பக்கத்துக்கும் மேப்புக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. மேப் என்று நாம் பார்ப்பது ஒரே படம் கிடையாது. தரையில் பதிக்கும் டைல்ஸ் போல, சிறு சிறு சதுரப் படங்களை நம் ப்ரௌசர் அடுக்கிக் காட்டுகிறது. இவற்றுக்குப் பெயரும் 'டைல்' என்பதுதான். வழக்கமாக ஒவ்வொரு டைலும் 256 பிக்ஸல் அகலம், 256 பிக்ஸல் உயரம் இருக்கும்.

உங்கள் மானிட்டர் 1366 × 768 என்ற அளவு கொண்டது என்றால், திரையை நிரப்பக் குறைந்தது 18 டைல்கள் வேண்டும். ஓரங்களில் பாதி பாதியாகத் தெரிபவற்றையும் சேர்த்தால் 28 வரை போகும். மேப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் இன்னும் சில. பெரிதாக்கினால் மறுபடியும் முழுத் திரைக்கும் புதிய டைல்கள்.

அதாவது ஒருவர் ஒருமுறை மேப்பைத் திறந்தாலே சர்வருக்குச் சுமார் 20 கோரிக்கைகள் போகின்றன. பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் திறந்தால் 2 லட்சம் கோரிக்கைகள். செய்தி படிக்கும் தளத்தைக் கட்டிப் பழகியவர்கள், 'பத்தாயிரம் பேர்தானே' என்று கணக்குப் போட்டு மேப் தளத்தையும் கட்டினால், கணக்கு இங்கேயே தப்பிவிடுகிறது.

தோசையா, இட்லியா?

இந்தக் கோரிக்கைகளுக்கு சர்வர் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம்.

முதல் வகை, கேட்டபின் வரைவது. நீங்கள் ஒரு பகுதியைக் கேட்டதும் சர்வர் தன் டேட்டாபேஸைத் திறந்து, அந்தப் பகுதியின் சாலை, ஆறு, கட்டடம், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் எடுத்து, நிறம் கொடுத்து, படமாக்கி அனுப்பும். இது தோசை வார்ப்பது மாதிரி. ஆர்டர் வந்தபின்தான் மாவை ஊற்ற வேண்டும். சூடாக, புதிதாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரம் ஆகும்.

இரண்டாவது வகை, முன்கூட்டியே வரைந்து வைப்பது. டைல்களை எல்லாம் முதலிலேயே தயாரித்து ஹார்ட் டிஸ்கில் ஃபைல்களாக வைத்துவிட வேண்டும். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. இது ஈடு ஈடாக இட்லி அவித்துப் பாத்திரத்தில் போட்டு வைப்பது மாதிரி. பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் பரிமாறிக்கொண்டே போகலாம்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு படத்தை வரைய அரை நொடி ஆகிறது என்போம். நான்கு கோர் உள்ள ஒரு சர்வர், நொடிக்கு 8 படங்கள் வரையும். ஒரே நொடியில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு படம் கேட்டால், கடைசியில் நிற்பவருக்கு 125 நொடி, அதாவது இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐந்து சர்வர்கள் வைத்தாலும் 25 நொடி. அவ்வளவு நேரம் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். எஃப்5 கீயைத் தட்டுவார்கள். தட்டிய ஒவ்வொரு தட்டும் வரிசையில் புதிய ஆளாக வந்து நிற்கும். பழைய கோரிக்கையையும் சர்வர் பல நேரங்களில் வரைந்துகொண்டே இருக்கும். இப்படித்தான் சர்வர் படுக்கிறது.

இந்த உண்மை ஒன்றும் புதியதல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998 ஜூனில் வெளியிட்ட டெர்ராசர்வர் தளம், பிரம்மாண்டமான வான்வழிப் படங்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி டேட்டாபேஸில் வைத்துத்தான் பரிமாறியது. 2005 பிப்ரவரியில் வந்த கூகுள் மேப்ஸ், முன்பே தயாரித்த டைல்களை மவுஸால் இழுக்கும் வசதியோடு கொடுத்து எல்லோரையும் வியக்க வைத்தது. அதற்கு முன்பு பிரபலமாக இருந்த மேப் தளங்களில் அம்புக்குறியை அழுத்திவிட்டு, பக்கம் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முன்பே வரைந்துவிடலாமே என்று கேட்கலாம். அதிலும் ஒரு அளவு வேண்டும். உலகம் முழுவதையும் ஒரே டைலில் காட்டுவது ஜூம் பூஜ்யம். ஒவ்வொரு படி பெரிதாக்கும்போதும் டைல்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். 18-ஆவது படியில் மட்டும் சுமார் 6,872 கோடி டைல்கள்! இதில் பெரும்பகுதி கடலும் பாலைவனமும்தான்; யாரும் பார்க்கப் போவதில்லை. எனவே மக்கள் அதிகம் பார்க்கும் பகுதிகளை முன்பே வரைந்து வைத்து, மற்றவற்றை முதல் ஆள் கேட்கும்போது வரைந்து சேமித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரு மாவட்டத்துக்கோ மாநகராட்சிக்கோ மட்டுமான மேப் என்றால், வேலை இன்னும் மிகச் சுலபம்.

மெஷின்களை அடுக்கினால் போதுமா?

சர்வர் படுத்துவிட்டது என்றவுடன் வரும் முதல் யோசனை, 'இன்னும் நாலு சர்வர் வாங்கிப் போடு' என்பதுதான். பல சர்வர்களைச் சேர்த்து ஒரே சர்வர் போல இயங்கச் செய்வதற்கு 'கிளஸ்டர்' என்று பெயர். முன்னால் 'லோட் பேலன்சர்' ஒன்று நிற்கும். கல்யாண மண்டபத்தில் வாசலில் நின்று, 'நீங்க அந்த வரிசையில உட்காருங்க' என்று ஆட்களைப் பிரித்து அனுப்புபவர் போல, வரும் கோரிக்கைகளை அது சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒரு சர்வர் பதில் சொல்லாவிட்டால் அதற்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிடும்.

கிளஸ்டர் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, பரிமாறுபவர்கள் நால்வர் இருந்தும் சமையல்காரர் ஒருவரே என்றால் பந்தி நகராது. எங்கள் அலுவலகத்தில் ஒரு சோதனையில் இரண்டு மேப் சர்வர்களை நான்காக்கிப் பார்த்தோம். வேகம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. காரணம், நான்கும் தகவலுக்காக ஒரே டேட்டாபேஸின் வாசலில் காத்து நின்றன. எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்காமல் மெஷின் வாங்கினால் மின்கட்டணம்தான் கூடும்.

இரண்டு, ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். இரண்டு சர்வர்கள், ஒவ்வொன்றும் 80 சதவீதச் சுமையில் ஓடுகின்றன என்போம். பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். ஒன்று நின்றுபோனால், மற்றதன் தலையில் 160 சதவீதம். அதுவும் சில நிமிடங்களில் படுத்துவிடும். எனவே கிளஸ்டரில் ஒரு மெஷின் இல்லாவிட்டாலும் மீதி தாங்கும்படி இடம் விட்டுத்தான் திட்டமிட வேண்டும்.

மூன்று, அடுப்பின் எண்ணிக்கை. ஆர்க்ஜிஐஎஸ் சர்வர் போன்ற மேப் சாஃப்ட்வேர்களில், ஒரு மெஷினில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து வரையலாம் என்று நாமே குறிப்பிடலாம். இதற்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள் உண்டு. கூட்டம் வருகிறதே என்று அதிகபட்ச எண்ணை 40, 50 என்று ஏற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நான்கு கோர் உள்ள மெஷினில் 40 பேரை உட்கார வைத்தால், நான்கு அடுப்பில் நாற்பது சட்டியை மாற்றி மாற்றி வைப்பது போலத்தான். எதுவும் வேகாது. மெமரி தீர்ந்து ஹார்ட் டிஸ்கை நாட ஆரம்பித்தால் மொத்தமும் ஸ்தம்பிக்கும். அதிகபட்ச எண்ணை கோர்களின் எண்ணிக்கையை ஒட்டி வைத்து, சோதித்துப் பார்த்து மாற்றுவதே முறை. குறைந்தபட்ச எண்ணை மிகவும் தாழ்த்தியும் வைக்கக் கூடாது. கூட்டம் வந்தபின் அடுப்பு மூட்டினால் அதற்கே சில நொடிகள் போகும்.

இதோடு, காத்திருக்கும் நேரத்துக்கும் வரம்பு வேண்டும். ஜியோசர்வர் என்ற இலவச மேப் சர்வரில்கூட, ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளை ஏற்பது என்று கட்டுப்படுத்தும் வசதி உண்டு. வரம்பைத் தாண்டியவர்களிடம் 'சிறிது நேரம் கழித்து வாருங்கள்' என்று உடனே சொல்லிவிடுவது, எல்லோரையும் ஐந்து நிமிடம் நிற்க வைத்துவிட்டுக் கடையைச் சாத்துவதைவிட எவ்வளவோ மேல்.

மாறிக்கொண்டே இருக்கும் மேப்புக்கு என்ன வழி?

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். 'இட்லியை முன்பே அவித்து வைக்கலாம், சரி. வெள்ள நிலவரம் மணிக்கு மணி மாறுகிறதே, அதை எப்படி முன்கூட்டியே வரைவது?'

மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்துவிட வேண்டும். தெருவும் ஆறும் ஊர்ப் பெயரும் இன்று மாலைக்குள் மாறப் போவதில்லை. அவற்றை முன்பே வரைந்த டைல்களாக வைக்கலாம். தண்ணீர் நிற்கும் இடங்கள் மட்டும்தான் மாறுகின்றன. அதை ஒரு சிறிய ஃபைலாகத் தனியே அனுப்பி, ப்ரௌசரே மேலே வரைந்துகொள்ளும்படி செய்யலாம். அந்த ஃபைலையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தயாரித்தால் போதும். நொடிக்கு ஆயிரம் பேர் கேட்டால், ஐந்து நிமிடத்தில் 3 லட்சம் கோரிக்கைகள். ஆனால் சர்வர் உண்மையில் உழைத்தது ஒரே ஒரு முறை! மீதியெல்லாம் எடுத்துக் கொடுத்ததுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலைக் கொண்டு தன்னார்வலர்கள் ஒரு மேப் தயாரித்தார்கள். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் கிளிக் செய்து குறிக்கலாம். பக்கம் கிட்ஹப் தளத்தில் வெறும் ஃபைலாக இருந்தது. அடிப்படை வரைபடம் மேப்பாக்ஸ் நிறுவனத்தின் டைல்களில் இருந்து வந்தது. மேலே குறித்த தெருக்கள் மட்டும் தனி. பெரிய சர்வர் கூடம் எதையும் அவர்கள் கட்டவில்லை. சரியாகப் பிரித்து யோசித்தார்கள், அவ்வளவுதான்.

செலவு என்ற சாக்கு

'வருடத்தில் ஒரு நாள் வரும் கூட்டத்துக்காக இருபது சர்வர் வாங்கி வைக்க முடியுமா?' என்று அதிகாரிகளும் மேனேஜர்களும் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வருடம் முழுவதும் சும்மா கிடக்கும் மெஷின்களை வாங்கச் சொன்னால் நானும் எதிர்ப்பேன்.

ஆனால் நான் மேலே சொன்னவற்றில் அதிகச் செலவு பிடிப்பது எது? டைல்களை முன்பே வரைந்து வைப்பதற்கு வேண்டியது ஹார்ட் டிஸ்க் இடமும் சில இரவுகளின் கம்ப்யூட்டர் நேரமும்தான். மாறுவதையும் மாறாததையும் பிரிப்பதற்கு வேண்டியது யோசனை. எண்களைச் சரியாக வைப்பதற்கு வேண்டியது சோதனை. அப்பாச்சி ஜேமீட்டர் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று தளத்தைத் திறப்பதற்கு முன்பே ஒத்திகை பார்க்கலாம். இத்தனைக்கும் மேல் மெஷின் வேண்டுமென்றால், மழைக்காலத்துக்கு மட்டும் கிளவுட் சேவையில் வாடகைக்கு எடுக்கலாம். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிறோமே, அது போல.

உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். தளம் தயாரித்து ஒப்படைக்கும் நாளில், குளிரூட்டிய அறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். மேப் அழகாக நகரும். கையெழுத்தாகிவிடும். 'ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கும்? ஒரு சர்வர் நின்றால் என்ன ஆகும்?' என்று அந்த அறையில் கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை. டெண்டரிலேயே இந்த இரண்டு கேள்விகளையும் எழுதி, ஒத்திகையின் முடிவைப் பார்த்தபின்தான் பணம் தருவோம் என்று சொன்னால், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

நீங்கள் செய்யக்கூடியவை

சர்வரை நிர்வகிப்பது உங்கள் வேலை இல்லை என்றாலும், கூட்டமான நாளில் பயனாளராகச் சில விஷயங்களைச் செய்யலாம்.

முதலாவது, மேப் வரவில்லை என்று எஃப்5 கீயைத் தொடர்ந்து தட்டாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து ஒருமுறை முயலுங்கள். நீங்கள் தட்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் கோரிக்கையே உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது.

இரண்டாவது, மவுஸ் சக்கரத்தை வேகமாக உருட்டி உள்ளே போய் வெளியே வராதீர்கள். ஊர்ப் பெயரைத் தேடும் பெட்டியில் டைப் செய்து நேராக அந்த இடத்துக்குப் போனால், இடையில் உள்ள படிகளின் டைல்கள் மிச்சமாகும். உங்கள் இண்டர்நெட் டேட்டாவும் மிச்சமாகும்.

மூன்றாவது, ப்ரௌசர் ஒருமுறை பார்த்த டைல்களை உங்கள் ஹார்ட் டிஸ்கில் சேமித்து வைத்திருக்கும். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்து கேஷ் முழுவதையும் அழித்துவிட்டால், எல்லா டைல்களையும் மறுபடியும் சர்வரிடம்தான் கேட்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியமானது. உங்கள் ஊர் மேப்பை முன்கூட்டியே கைபேசியில் டவுன்லோட் செய்து வையுங்கள். கூகுள் மேப்ஸ் ஆப்பில் ஆஃப்லைன் மேப் வசதி இருக்கிறது. தேவையான பகுதியைத் தேர்ந்தெடுத்து சேமித்துக்கொள்ளலாம். அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஆப்களும் இணைப்பு இல்லாமலே வழிகாட்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று இவை சொல்லாது. ஆனால் எந்தத் தெரு எங்கே போகிறது, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வேறு வழி உண்டா என்பதைச் சொல்லும். மழை நாளில் அது சின்ன விஷயம் இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் நாளை இந்தத் துறைக்கே வரலாம். வேறு சிலர் மாநகராட்சியிலோ மின்வாரியத்திலோ கல்லூரியிலோ, ஒரு மேப் தளத்தை ஏற்றுக்கொள்ளும் அந்த அறையில் உட்காரலாம். அப்போது மேப்பின் நிறத்தையும் எழுத்தையும் பாராட்டுங்கள், தவறில்லை. கூடவே, 'இதை நாளைக்கு ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும், இப்போதே காட்டுங்கள்' என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். பதில் தயங்கி வந்தால், கையெழுத்துப் போடுவதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.